ஆக்சுவலா: மெய் நீங்கிய ஒரு சொல்லின் வரலாறு

மாரிக்குப்பத்தில் விடியற்காலை ரயில் ஏறி பெங்களூரில் இறங்குவதற்குள் ஒரு பெட்டியில் எத்தனை ‘ஆக்சுவலா’ விழுகிறது என்று கணக்கெடுக்க ஒரு நாள் நோட்டும் பேனாவுமாக உட்கார்ந்தேன். நான்கு கோடு நெட்டுக்கு, ஐந்தாவது குறுக்கே. சாம்பியன் ஸ்டேஷனில் அரைப் பக்கம். கோரமண்டலில் முழுப் பக்கம். பங்காருப்பேட்டையில் கூட்டம் முண்டியடித்து ஏறியதும் கணக்கு கைமீறிப் போய் நோட்டை மூடிவிட்டேன். எதிரே இருந்தவர் அதுவரை பார்த்துக்கொண்டே வந்தார். “இன்னா சார், ரம்மி பாயின்ட்டா?” என்றார். விஷயத்தைச் சொன்னேன். கொஞ்சம் யோசித்துவிட்டு, “ஆக்சுவலா நான் அந்த வார்த்தையே யூஸ் பண்றதில்ல சார்” என்றார். அவருக்கு ஒரு கோடு போட நோட்டை மறுபடி திறக்க வேண்டியதாயிற்று.

ஆகவே இந்த ஆய்வில் புள்ளிவிவரம் கிடையாது. இருப்பதெல்லாம் சொல்லாராய்ச்சியும், கோலார் தங்கவயலில் பிறந்து வளர்ந்தவன் என்கிற ஒரே தகுதியும்தான். முனைவர் பட்டத்துக்குப் போதாது. ஒரு கட்டுரைக்குப் போதும்.

முதலில் வேர். இலத்தீனில் ‘ஆகெரே’ என்றொரு வினை இருந்தது. பொருள், ஓட்டுதல். ஆடுமாடு ஓட்டுவதில் தொடங்கி, ஒரு காரியத்தை நடத்துவது, செய்வது என்று வளர்ந்தது. சம்ஸ்கிருத ‘அஜதி’ இதற்குப் பங்காளி. செய்து முடித்தது ‘ஆக்துஸ்’. அதிலிருந்து ‘ஆக்துவாலிஸ்’. பிரெஞ்சு வழியாக ஆங்கிலத்துக்கு வந்தபோது ‘ஆக்சுவல்’. 15ஆம் நூற்றாண்டு ஆங்கிலத்தில் அதற்கு ‘செயலளவில்’ என்றுதான் அர்த்தம். ‘உண்மையில்’ என்ற பொருள் பிறகு வந்து ஒட்டியது.

உண்மையைக் குறிக்கும் சொல் மாடு ஓட்டுவதில் பிறந்தது என்றால் ஐரோப்பியர்கள் ஆச்சரியப்படலாம். நாம் படக் கூடாது. மாடு ஓட்டுவது, வண்டி ஓட்டுவது, பிழைப்பை ஓட்டுவது, நாலு பேர் சேர்ந்து ஒருவனை உட்கார வைத்து ஓட்டுவது எல்லாம் நமக்கு ஒரே வினைதான். இல்லாததை இருப்பதாகச் சொல்பவனையும் ‘படம் ஓட்டுறான்’ என்கிறோம். இலத்தீன்காரன் ஓட்டுதலிலிருந்து உண்மைக்குப் போனான். நாம் பொய்க்கு வந்தோம். புறப்பட்ட தொழுவம் ஒன்றே.

இடைக்கால ஐரோப்பியத் தத்துவக்காரர்கள் இந்தச் சொல்லைப் பிடித்துக்கொண்டு ஒரு பாகுபாடு செய்தார்கள். ஆகக்கூடியது ஒன்று, ஆனது ஒன்று. முன்னதற்குப் ‘பொடென்ஷியா’ என்றும் பின்னதற்கு ‘ஆக்துஸ்’ என்றும் பெயர். விதைக்குள் இருக்கிற மரம், முளைத்து நிற்கிற மரம் என்று உதாரணம் காட்டுவார்கள். எங்கள் ஊரில் இதைவிட நல்ல உதாரணம் இருக்கிறது. பாறைக்குள் கிடக்கிற தங்கம் பொடென்ஷியா. அதை வெட்டி, மேலே ஏற்றி, மில்லில் மாவாக அரைத்து, கட்டியாக உருக்கி லண்டனுக்கு அனுப்பினால் ஆக்துஸ். நடுவில் உள்ளூர்க்காரன் கைக்கு வந்தால் திருட்டு.

இங்கே ஒரு முக்கியமான விஷயம் இருக்கிறது. இந்தச் சொல்லுக்கு ‘உண்மையில்’ என்ற அர்த்தம் ஆங்கிலத்தில் நிலைத்துப்போனதே ஒரு விபத்து. பிரெஞ்சில் ‘ஆக்த்யுயெல்மான்’ என்றால் ‘தற்போது’. ஜெர்மன் ‘ஆக்துவெல்’, ஸ்பானிஷ் ‘ஆக்துவால்மென்தே’ எல்லாமே இன்றைய நிலவரத்தைச் சொல்பவை. மொழிபெயர்ப்பு வகுப்புகளில் பையன்கள் தவறாமல் விழுகிற பள்ளம் இது.

கோலார்த் தங்கத்தைப் பற்றி முதலில் எழுதிவைத்த வெள்ளைக்காரர் ஜான் வாரன். 1802-இல் மைசூரின் கிழக்கு எல்லையை அளக்க வந்த இடத்தில் தங்கக் கதைகளைக் கேட்டு, ஊர்க்காரர்களை வைத்து மண்ணைக் கழுவிப் பார்த்தவர். பிறகு சென்னை வானாய்வகத்தை நிர்வகித்தார். நம் பஞ்சாங்கக் கணக்குகளைப் பற்றி ‘காலசங்கலிதா’ என்று 1825-இல் ஒரு தடித்த புத்தகமும் போட்டார். இந்த ஜான் வாரனுக்கு வீட்டில் வைத்த பெயர் ழான் பாப்திஸ்த். ஐரிஷ் வம்சாவளிப் பிரெஞ்சுக்காரர். அவர் மாரிக்குப்பத்தில் நின்று “ஆக்த்யுயெல்மான் இங்கே தங்கம் இருக்கிறது” என்று தாய்மொழியில் சொல்லியிருந்தால், “இப்போது இருக்கிறது” என்றே அர்த்தம். ‘இப்போது’ என்பதில் ஒரு எச்சரிக்கை உண்டு. பின்னால் வந்தவர்கள் அதை ஆங்கிலத்தில் கேட்டு, “உண்மையில் இருக்கிறது” என்று எடுத்துக்கொண்டார்கள் என்பது என் கருதுகோள். ஆதாரம் கிடையாது. ஆனால் எழுபது வருடம் கழித்து, 1870களில், லாவெல் என்ற ஐரிஷ் சிப்பாய் வாரனின் அறிக்கையைப் படித்துவிட்டு மைசூர் அரசிடம் உரிமம் கேட்டுப் போனது உண்மை. 1880 வாக்கில் ஜான் டெய்லர் கம்பெனி வந்து இறங்கியதும் உண்மை.

இனி அந்தச் சொல்லின் வாலைப் பார்ப்போம். ஆங்கிலத்தில் அது ‘ஆக்சுவலி’. கடைசியில் ஆடுகிற அந்த ‘லி’ சாதாரண வால் இல்லை. பழைய ஆங்கிலத்தில் ‘லீச்’ என்றொரு சொல். பொருள், உடம்பு. ஒன்றின் உருவில், ஒன்றின் வடிவாக என்று சொல்ல அதைப் பின்னால் ஒட்டி ஒட்டித்தான் இன்றைய ‘லி’ தேய்ந்து வந்தது. ஜெர்மனில் பிணத்துக்கு ‘லைஹெ’ என்கிறார்கள், அதே வேர். இங்கிலாந்தில் சவப்பெட்டியை இறக்கிவைக்கிற தேவாலய வாசலுக்கு ‘லிச் கேட்’ என்று பெயர், அதுவும் அதே வேர்.

உடம்பு என்றால் தமிழில் மெய். உண்மை என்றாலும் மெய். அவர்கள் ஒரு வாக்கியம் உண்மை என்று காட்ட அதன் தலையில் உடம்பைக் கொண்டுவந்து நிறுத்தினார்கள். நாம் இரண்டுக்கும் ஒரே பெயர் வைத்துவிட்டு வேலையைப் பார்த்தோம். இந்த இடத்தில் எந்தத் தமிழ் ஆய்வாளனும் நாற்காலியை விட்டு எழுந்து ஒரு சுற்று நடப்பான். நானும் நடந்தேன்.

ஆனால் அடுத்து நடந்தது சோகம். ‘ஆக்சுவலி’ தமிழுக்கு வந்ததும் நாம் என்ன செய்தோம்? வாலை வெட்டினோம். நம்மிடம் ‘ஆக’ இருக்கிறது, அது பேச்சில் ‘ஆ’ என்று குறுகும். அழகாக, வேகமாக, ஜாலியா என்கிற வரிசையில் ‘ஆக்சுவலா’வும் உட்கார்ந்துகொண்டது. இலக்கணப்படி பழுது இல்லை. பொருள்படி பார்த்தால், அந்தச் சொல்லில் மெய் எங்கே இருந்ததோ அந்தத் துண்டை மட்டும் கச்சிதமாக நறுக்கி எறிந்துவிட்டு மீதியை வைத்துக்கொண்டிருக்கிறோம்.

தொல்காப்பியர் கையில் இந்தச் சொல் கிடைத்திருந்தால் இடையியலில் போட்டிருப்பார். ‘மற்று’ என்ற சொல்லுக்கு அவர் இரண்டு வேலை கொடுக்கிறார். ஒன்று வினைமாற்று, ஓடுகிற பேச்சை வேறு தடத்தில் திருப்பிவிடுவது. இன்னொன்று அசைநிலை, பொருள் இல்லாமல் சும்மா நிற்பது. ‘ஆக்சுவலா’வும் இந்த இரண்டையும் செய்கிறது. “பணம் கொடுக்கறேன்னு சொன்னியே?” “ஆக்சுவலா…” இது வினைமாற்று. “ஆக்சுவலா டீ சொல்லட்டுமா?” இது அசைநிலை. உண்மையைக் குறிப்பது மூன்றாவது வேலையாக இருக்கலாம். நோட்டில் அதற்கென்று தனிப் பத்தி போட்டிருந்தேன். அது வெறுமையாகவே பங்காருப்பேட்டை வந்து சேர்ந்தது.

தேவநேயப் பாவாணர் வழியில் போனால் கதையே வேறு. அவர் பிறந்தது 1902. சிவசமுத்திரத்திலிருந்து 147 கிலோமீட்டர் கம்பி இழுத்துத் தங்கவயலுக்கு மின்சாரம் கொண்டுவந்ததும் 1902. இதற்கும் ஆய்வுக்கும் சம்பந்தம் இல்லை, தேதி பொருந்தியதால் சொன்னேன். ‘ஆக்சுவல்’ தமிழ்ச் சொல்தான் என்று நிறுவச் சொன்னால் அவர் முறையில் நான் இப்படிப் பிரிப்பேன்: ஆக்கு, சுவல். சுவல் என்றால் பிடரி, மேட்டு நிலம் என்று பழைய அர்த்தங்கள் உண்டு. ஆக்கு சுவல் என்றால் மனிதன் ஆக்கிய மேடு. வினைத்தொகை. ராபர்ட்சன்பேட்டையில் எந்த மாடியில் ஏறி நின்றாலும் அது கண்ணுக்குத் தெரியும். கல்லை அரைத்துச் சயனைடு போட்டுத் தங்கத்தை உறிஞ்சிக்கொண்டு மீதியைக் கொட்டிக் கொட்டி எழும்பிய சாம்பல் நிற மேடுகள். 120 வருடத்தில் இந்த மண்ணிலிருந்து போன தங்கம் 800 டன்னுக்கு மேல். தொடக்க காலத்தில் ஒரு டன் கல்லுக்கு 40 கிராமுக்கு மேல் கிடைத்தது. கடைசியில் 3 கிராம் அளவுக்கு வந்து நின்றது. தங்கம் போய்விட்டது, ஆக்குசுவல் நிற்கிறது. வேனிற்காற்றில் அதன் தூசி எங்கள் சோற்றில் விழுகிறது. என் சொல்லாராய்ச்சியை மறுக்க நினைக்கிறவர்கள் ஏப்ரல் மாதம் வந்து ஒரு வேளை சாப்பிட்டுப் பார்க்கலாம்.

இப்போது பயன்பாட்டுக்கு வருகிறேன். என் ஆய்வின் ஒரே உருப்படியான கண்டுபிடிப்பு இங்கேதான்.

2018-இல் கேஜிஎஃப் படம் வந்தது, 2022-இல் இரண்டாம் பாகம். பிறகு ரஞ்சித்தின் தங்கலான். அதிலிருந்து வெளியூர்ப் பையன்கள் பைக்கில் வருகிறார்கள். கறுப்புச் சட்டை, கறுப்புக் கண்ணாடி. டீக்கடையில் நிறுத்தி, “அண்ணா, படத்துல வர்ற மாதிரிதான் இருந்துதாண்ணா?” என்று கேட்கிறார்கள். கடையில் எப்போதும் ஒரு ரிட்டயர்ட் ஆள் உட்கார்ந்திருப்பார். மஃப்ளர் கட்டிய கழுத்து, முழங்காலில் மடித்துவைத்த தினசரி. அவர் கிளாஸை பெஞ்சில் வைப்பார். வாயைத் துடைப்பார். “ஆக்சுவலா…” என்பார். அவ்வளவுதான். பையன்களின் டீ ஆறிவிடும்.

அந்த ஆக்சுவலாவுக்குப் பின்னால் வருகிற வினைகளைக் கவனித்தேன். ஆக்சுவலா இது லிட்டில் இங்கிலாந்து மாதிரி இருந்தது. ஆக்சுவலா பெங்களூருக்கே 1905-லதான் கரன்ட்டு, நமக்கு அதுக்கு மூணு வருஷம் முந்தியே வந்துடுச்சு. ஆக்சுவலா 1965-ல நியூட்ரினோவை நம்ம சுரங்கத்துக்குள்ளதான் பிடிச்சாங்க. (இதுவும் சரி. டாட்டா ஆராய்ச்சி நிறுவனமும் ஒசாகா நகர, டர்ஹாம் பல்கலைக்கழகங்களும் சேர்ந்து இங்கே பிடித்தார்கள். அதே வருடம் தென்னாப்பிரிக்கத் தங்கச் சுரங்கம் ஒன்றில் இன்னொரு குழுவும் பிடித்தது என்பதை டீக்கடையில் யாரும் சொல்வதில்லை.) இருந்தது, வந்தது, பிடித்தார்கள். வினை எல்லாம் இறந்தகாலம். சரிபார்க்க முடிந்தவரை சரிபார்த்தேன், பெரும்பாலும் உண்மை.

நிகழ்காலத்தில் முடிகிற ஆக்சுவலாவும் உண்டு. “எங்கடா இருக்க?” “ஆக்சுவலா வந்துகினேகீறேன் மச்சி, அஞ்சு நிமிஷம்.” சொன்னவன் அப்போதுதான் பல் தேய்க்க பிரஷ் எடுத்திருப்பான். பெங்களூரில் ஓர் அலுவலகத்தில் என் அப்பாவின் பாக்கிப் பணத்துக்காக நான் ஏறி இறங்கிய நாட்களில், அங்கே மேஜைக்குப் பின்னால் இருந்தவர் ஒவ்வொரு முறையும் ஒரே வாக்கியத்தைச் சொன்னார்: “ஆக்சுவலா ஃபைல் மேல போயிருக்கு.” மூன்றாவது முறை போனபோது ஃபைல் அவர் டிபன் பாக்ஸுக்கு அடியில் இருந்தது. மேலே போகவில்லை என்று சொல்ல முடியாது, தரையிலிருந்து இரண்டரை அடி உயரத்தில்தான் இருந்தது. வருங்காலத்தில் முடிகிறவை இன்னொரு ரகம். ஆக்சுவலா சுரங்கம் திரும்பத் திறக்கப் போறாங்க. 2001 பிப்ரவரி 28-இல் பாரத் கோல்டு மைன்ஸ் மூடப்பட்ட நாளிலிருந்து இது நடமாட்டத்தில் இருக்கிறது. 2013-இல் உலகளாவிய டெண்டருக்கு உச்ச நீதிமன்றம் வழிவிட்டபோது ஒரு சுற்று வந்தது. 2024 ஜூனில், அந்த 13 கழிவு மேடுகளை மறுபடி சலித்துத் தங்கம் எடுக்கலாம் என்று கர்நாடக அமைச்சரவை சம்மதித்தபோது இன்னொரு சுற்று.

ஆக, பிரெஞ்சுக்காரனுக்கு இந்தச் சொல் ‘இப்போது’. ஆங்கிலேயனுக்கு ‘உண்மையில்’. தங்கவயலில் அதற்கு ‘ஒரு காலத்தில்’ என்று பொருள். அகராதி போடுகிறவர்கள் மூன்றாவது அர்த்தத்தையும் சேர்த்துக்கொள்ளலாம். நன்றி சொல்லத் தேவையில்லை.

ஆக்சுவலா வருவதற்கு முன் இந்த ஊரில் இதற்கு என்ன சொல் இருந்தது? வடஆற்காட்டிலிருந்தும் சித்தூர்ப் பக்கத்திலிருந்தும் வந்து லைன் வீடுகளில் குடியேறியவர்கள் ‘மெய்யாலுமே’ என்றார்கள். மெய், அதற்குமேல் ஆல், அதற்குமேல் உம், ஏ. உடம்பாலேயே. வால் வெட்டாத ஆக்சுவலி இதுதான், இலத்தீனுக்கு ஒரு பைசா தராமல் நாமே செய்துவைத்திருந்தது. என் ஆயா அதைத் தவிர வேறு சொன்னதில்லை.

தாத்தாவுக்கு டிம்பர் வேலை. வெட்டி எடுத்த இடத்தில் மேல்பாறை இறங்காமல் மரம் கொடுத்து நிறுத்துவது. (ஆங்கிலத்தில் உண்மைக்கு இருக்கிற இன்னொரு சொல் ‘ட்ரூ’. அதற்கும் மரத்தைக் குறிக்கும் ‘ட்ரீ’க்கும் ஒரே வேர் என்று ஒரு கட்சி உண்டு. சம்ஸ்கிருத ‘தாரு’வும் அந்தக் குடும்பம். மரம் போல உறுதியாக நிற்பது உண்மை என்று கணக்கு. தாத்தாவிடம் இதைச் சொல்லியிருந்தால் வியந்திருக்க மாட்டார். எந்த மரம் நிற்கும், எது முனகும் என்று பார்ப்பதுதான் அவருக்குச் சம்பளம்.) மூன்று கிலோமீட்டருக்கு மேல் ஆழம் போன சுரங்கம் அது. அங்கே பாறை அழுத்தம் தாங்காமல் சில நேரம் வெடித்துச் சிதறும். இன்று அதற்கு ராக் பர்ஸ்ட் என்று பெயர். அந்தக் காலத்துத் துரைமார் ஏர் பிளாஸ்ட் என்றார்கள். வெடித்தது கல், பழி காற்றுக்கு. பெயர் மாறிய பிறகும் லைன்களில் பழைய பெயர் ரொம்ப நாள் ஓடிக்கொண்டிருந்தது.

கீழே வெடித்தால் மேலே லைன் வீடுகளில் சுவர் அதிரும், பாத்திரம் விழும். ஆயா அடுப்பில் இருந்ததை அப்படியே விட்டுவிட்டு ஷாஃப்ட் பக்கம் ஓடுவாள். எல்லா வீட்டுப் பெண்களும் ஓடுவார்கள். வாசலில் காத்து நிற்பார்கள், உள்ளே விட மாட்டார்கள். ஒரு முறை பக்கத்து வீட்டு ஆள் கேஜில் மேலேறி வெளியே வந்து, “உன் ஊட்டுக்காரர் வந்துட்டாரும்மா” என்றார். ஆயா, “மெய்யாலுமேவா?” என்று கேட்டாள். அவர் தலையில் அடித்துச் சத்தியம் பண்ணினார். ஆயா நகரவில்லை. தாத்தா தொப்பியைக் கையில் பிடித்துக்கொண்டு நடந்து வருவதைக் கண்ணால் பார்த்து, முழங்கைச் சிராய்ப்பைத் தொட்டுப் பார்த்த பிறகுதான் வீட்டுக்குத் திரும்பினாள். அன்றைக்குக் குழம்பு அடிப்பிடித்துப்போனதைத் தாத்தா சாகும்வரை சொல்லிக்காட்டினார்.

ஆயா 2009-இல் போனாள். கடைசி இரண்டு வருடம் பேரப்பிள்ளைகள் பேசுவதைக் கேட்டுக் கேட்டு அவளுக்கும் அந்தச் சொல் தொற்றிக்கொண்டது. ‘ஆச்சுவலா’ என்பாள். ஆச்சு என்றால் முடிந்தது, அதனால் அது தமிழ்தான் என்று நினைத்திருப்பாள் போல. இலத்தீன் ‘ஆக்தும்’ என்றாலும் ‘முடிந்தது’ என்றுதான் அர்த்தம் என்பது அவளுக்குத் தெரியாது, எனக்கே பிறகுதான் தெரிந்தது.

ரயில் நோட்டில் இன்னும் ஒரு பக்கம் காலியாக வைத்திருக்கிறேன். மாரிக்குப்பத்துக்கும் ராபர்ட்சன்பேட்டைக்கும் நடுவில் எங்கேயாவது, ‘ஆக்சுவலா’ என்று தொடங்கி நிகழ்காலத்தில் முடிகிற, விசாரித்தால் சரி என்று தெரிகிற ஒரு வாக்கியத்தை யாராவது கேட்டால், சொன்னவர் பெயர் வேண்டாம், இடமும் நேரமும் குறித்து எனக்கு அனுப்புங்கள்.